மீன் கண்ணில் வைத்த புள்ளி

சென்ற மாதம் கலைவாணி என்னை மூன்று முறை தொலைபேசியில் அழைத்தார். நான் முப்பத்தொரு ஆண்டுகள் பொருளறைக் காப்பாளராக இருந்த ஓவியப் பள்ளியில், இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் அவர். மூன்று முறையும் ஒரே கேள்விதான்.

"ஐயா, தேர்வுக்கு மேச போடறப்ப அழுகிப்போற பொருள் எதையும் வெக்கக்கூடாதுன்னு பழைய சுற்றறிக்கை ஒண்ணு கெடக்குது. மீனு, அறுத்த பழம், எதுவும் கூடாதாம். ஏன்னு ஒருத்தருக்கும் தெரியல. புதுசா வந்திருக்கிற தலைவர் மீன் வெக்கணும்ங்கறாரு. நான் இன்னா சொல்றது?"

முதல் இரண்டு முறை, மறந்துவிட்டது என்று மழுப்பினேன். அது பொய். எனக்கு மறப்பதில்லை, அதுதான் என் தொல்லை. மூன்றாம் முறை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சுற்றறிக்கை பிறந்ததற்குக் காரணம் நான்தான்.

எங்கள் வேலையை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓவியம் படிப்பவர்கள் ஒரு மேசையில் வைத்த செம்பையும் புட்டியையும் பழத்தையும் பார்த்து வரைந்து பழகுவார்கள். மாணவர்கள் அதை ஸ்டில் லைஃப் என்பார்கள். பாடப் புத்தகத்தில் அசையாப் பொருள் ஓவியம் என்றிருக்கும். வரைகிறவர் பெயர் படத்தின் கீழே இருக்கும். அந்தச் செம்பைத் தேடி எடுத்து, துடைத்து, மேசையில் நிறுத்தி, அது நான்கு நாளைக்கு ஒரு விரல்கூட நகராமல் காவல் இருப்பவர் பெயர் எங்கும் இருக்காது. இருக்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பள்ளிப் படிப்பைப் பிரெஞ்சு வழியில் முடித்து, ஒரு மில் அலுவலகத்தில் தட்டச்சு செய்து, மில் மூடியதும் எட்டு மாதம் சும்மா இருந்து, பிறகு இந்தப் பள்ளியில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். பொருளறைச் சாவியைக் கொடுத்தார்கள். உள்ளே எத்தனை பொருள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எண்ணி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு. அதில் புட்டிகள் மட்டும் அறுபத்து மூன்று. இரண்டு ஆண்டுகளில் எந்தப் பொருள் எந்த வெளிச்சத்தில் என்ன நிறமாகும் என்று தெரிந்துகொண்டேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

துறைத் தலைவரை எல்லோரும், பிரெஞ்சில் ஐயா என்னும் பொருளில், முசியே என்றே அழைத்தோம். அவருக்கு வேறு பெயர் இருந்ததே பலருக்குத் தெரியாது. இங்கே பிறந்து, பாரிசில் பன்னிரண்டு ஆண்டு இருந்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்து, அப்படியே தங்கிவிட்டவர். வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை, செருப்புச் சத்தம் கேட்காத நடை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தேர்வுக்கு மேசை போட்டு முடித்ததும் வந்து, ஒன்பது மாணவர் இருக்கைகளிலும் ஒவ்வொன்றாக உட்காருவார். ஒவ்வொன்றிலும் நான்கு நிமிடம். கண்களைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். தூங்குகிறாரோ என்று நினைக்கும்போது, "கொம்பியேன்?" என்பார். எத்தனை என்று அர்த்தம். எதை எண்ணச் சொல்கிறார் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் மேசைக்குப் பின்னால் தொங்கும் துணியின் மடிப்பு.

"பதிமூணு, முசியே."

"நேத்து பன்னெண்டு."

அப்படியானால் ஒன்றைக் கலைத்துவிட வேண்டும். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனது இந்த ஓர் இடத்தில்தான் என்று நினைக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒன்று கூடினாலும் தூக்கம் வராது.

நான் சொல்லப்போகும் தேர்வு சித்திரை மாதம் பிறக்கும் நேரத்தில் வந்தது. இறுதியாண்டு. முதல் இரண்டு நாள் தேர்வு, மூன்றாம் நாள் வருடப்பிறப்பு விடுமுறை, பிறகு இரண்டு நாள் தேர்வு. மேசையில் ஏழு பொருள்: பித்தளைச் செம்பு, பச்சைப் புட்டி, முன்பக்கம் சற்றே சாய்த்து வைத்த வெள்ளைப் பீங்கான் தட்டு, தட்டில் ஒரு சிவப்புச் சங்கரா மீன், தட்டுக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம், பின்னால் தொங்கும் நீலத்துணி. ஒவ்வொரு பொருளின் அடியைச் சுற்றியும் சாக்கட்டியால் மெல்லிய கோடு. தரையிலும் அப்படியே. படப் பலகையைத் தாங்கும் சட்டகம் ஒன்றுக்கு மூன்று கால், ஒன்பது சட்டகம், இருபத்தேழு குறி. அந்தக் குறிகளை யாரும் மிதிக்கக் கூடாது. நானும் மிதிக்க மாட்டேன். சன்னல் மாணவர்களுக்கு இடப்பக்கம், வடக்கு பார்த்தது. வடக்கு வெளிச்சம் மாறாது என்பார்கள். எதிர்வீட்டு மஞ்சள் சுவர் மதியத்துக்கு மேல் கொஞ்சம் மாற்றத்தான் செய்யும்.

மீன் மட்டும் தினமும் புதிது. முதல் நாள் மீனைக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வேன். ஒரு சாண் மூன்று விரல். மறுநாள் காலை ஆறு மணிக்கு மார்க்கெட்டில் மீன்காரி அஞ்சலையிடம் போய், கயிற்றை வைத்து, அதே நீளத்தில் வேறொன்று வாங்குவேன். மாலையில் பழைய மீன் பின்கட்டுப் பூனைகளுக்குப் போகும். நான்கு பூனைகள்.

"கயிறு ஐயா வந்துட்டாரு, வழிய வுடுங்க," என்பாள் அஞ்சலை. "மீனுக்குச் சட்ட தெக்கப் போறாரு."

தேர்வறையில் என் இடம் மேசைக்குப் பின்னால், ஒரு முக்காலி. அங்கிருந்து பார்த்தால் ஒன்பது சட்டகங்களின் முதுகுதான் தெரியும். யார் என்ன வரைகிறார் என்று போய்ப் பார்க்கக் கூடாது, அது விதி. ஒன்பது முகங்கள் என்னைத் தாண்டி ஒரு மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும். தூரிகை தேய்கிற சத்தம், ஒரு காகம், காற்று திரும்பினால் கடல். மதியம் இரண்டரை மணி அளவில் ஒரு நேரம் வரும். அப்போது அறையில் யாரும் மூச்சுவிடுவதாகவே தெரியாது. செம்பின் வயிற்றில் சன்னல் சிறியதாக வளைந்து நிற்கும். அதற்குள் நானும் ஒரு புள்ளியாக உட்கார்ந்திருப்பேன். பச்சைப் புட்டியின் நிழல் துணிமேல் ஊர்ந்து மூன்றாம் மடிப்பைத் தொடும். நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன், ஆனால் எங்கே இருக்கிறேன் என்று கேட்டால் உடனே சொல்ல முடியாது. இத்தனை ஆண்டு வேலையில் நான் கவலைப்படாமல் இருந்த நேரமெல்லாம் அந்த இரண்டரை மணிகள்தான்.

ஏழாம் இருக்கையில் செல்வி. பாகூர்ப் பக்கம் ஒரு கிராமம், வயல் வேலை செய்கிற குடும்பம். வயது முப்பத்து நான்கு, மற்றவர்களைவிடப் பத்து வயதாவது கூட. விடியற்காலையில் களை எடுத்துவிட்டுப் பஸ் பிடித்து வருவாள், நகக்கண்ணில் சேறும் வண்ணமும் சேர்ந்திருக்கும். சென்ற ஆண்டு இதே தேர்வில் தவறியவள். மூன்றாம் முறை எழுத அனுமதி இல்லை. அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைக்கு நேர்காணல் கடிதம் வந்திருந்தது. வயது வரம்பு அந்த ஆண்டோடு முடிகிறது. முதல் நாள் காலை என்னிடமே சொன்னாள்.

"இதுல போச்சுன்னா அவ்ளோதாண்ணே. நாத்து நட ஆள் வேணும்னா சொல்லி அனுப்புங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அவள் வரைகிற முறை வேறு. மற்ற எட்டுப் பேரும் முதல் நாளே மீனைப் போட்டுவிட்டார்கள், கண்ணுக்குப் பட்டது அதுதானே. இவள் துணியில் தொடங்கி, புட்டி, செம்பு, பழம் என்று மெல்ல முன்னால் வந்தாள். இரண்டாம் நாள் மாலை முசியே அவள் சட்டகத்தின் முன் நின்று, "மீன்?" என்றார்.

"தெனம் வேற மீன் வருது முசியே. கடைசி நாள் வர்றத வரையறேன்."

முசியே தலையசைத்துவிட்டுப் போனார்.

வருடப்பிறப்பன்று முழுக்க வீட்டில் உட்கார்ந்து கவலைப்பட்டேன். பூட்டிய அறையில் எலி வந்தால்? துணி ஈரத்தில் தளர்ந்தால்? எலுமிச்சம்பழம் வாடினால்? எல்லாவற்றையும் எண்ணினேன், ஒன்றைத் தவிர. மறுநாள் காலை மார்க்கெட்டில் பாதிக் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன.

"இன்னா கயிறு ஐயா, தடைக்காலம் தெரியாதா?" என்றாள் அஞ்சலை. "சித்திர பொறந்தா மறுநாள்லேர்ந்து பெரிய போட்டு எல்லாம் கரையேறிடும். மீனு முட்ட போடற நேரம். படிச்சவன்தான நீ, காலண்டர் பாக்க மாட்ட?"

மீன்பிடித் தடைக்காலம். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மடிப்பை எண்ணுகிறவனுக்கு அது தோன்றவில்லை. முந்தின நாள் பிடித்த சங்கரா ஒன்று ஐஸ் பெட்டியில் இருந்தது. கயிற்றுக்குச் சரியாக இருந்தது, கண்ணும் பரவாயில்லை. அதை வைத்து மூன்றாம் தேர்வு நாளை ஓட்டினேன். நாளைக்கு என்று கேட்டதற்கு, "நாளைக்கு மத்தி வரும், கானாங்கெளுத்தி வரும். செவப்பா வேணும்னா நீயே சாயம் பூசிக்க," என்றாள்.

அவள் கிண்டலுக்குச் சொன்னது. நான் இரவெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

நான்காம் நாள் காலை குருசுக்குப்பம் கரைவரை நடந்து தேடினேன். சிறு படகுகளில் வந்ததெல்லாம் விரல் நீளம். ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கு வந்து, பூனைகளுக்குப் போடாமல் ஐஸில் வைத்திருந்த முந்தின நாள் மீனை எடுத்தேன். கண் குழிந்து பால்போல் வெளுத்திருந்தது. சிவப்பெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. நாற்றமும் இருந்தது, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். வழக்கமாக முசியே வந்து பார்ப்பார், அவரிடம் சொல்லியிருக்கலாம். அன்று அவர் வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரை அழைத்துவரப் போயிருந்தார். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வாரம்தான் அவர் மேசைக்கு வந்திருந்தது. இதையும் சொல்லிவிடுவது நல்லது.

பஞ்சால் மீனைத் துடைத்துத் தட்டில் கிடத்தினேன். பொருளறையில் ஒரு பழைய தூரிகையும் மூன்று எண்ணெய் வண்ணக் குழாய்களும் இருந்தன. கருவிழியில் கறுப்பு ஒரு தொடல். கண்ணில் மினுக்கத்துக்கு வெள்ளை ஒன்று. செவுளுக்குப் பின்னால் சிவப்பு மூன்று. முதுகில் நான்கு. வாலில் ஒன்று. அடிவயிற்றில் ஒன்று. மொத்தம் பதினொன்று. என் முக்காலியருகே தள்ளி நின்று பார்த்தேன். மீன் கடலைவிட்டு அப்போதுதான் வந்ததுபோல் என்னைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பது மணிக்கு மாணவர்கள் வந்தார்கள். யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு, "சங்கரா செத்து மூணு தலமுற ஆவுது போல," என்றார். மற்றவர்கள் செம்பையும் துணியையும் மெருகேற்றிக்கொண்டிருந்தார்கள். செல்வி மட்டும் மீனைப் பார்த்தாள். அன்று நெடுநேரம் அவள் தூரிகையை எடுக்கவே இல்லை. பிறகு எடுத்தாள், நான்கு மணிவரை வைக்கவில்லை. இரண்டரை மணி வந்தது, அறை மிதந்தது. அவள் கண்கள் மீனிலிருந்து பலகைக்கும் பலகையிலிருந்து மீனுக்கும் போய்வருவதை நான் எண்ணத் தொடங்கி, இருநூற்றுக்கு மேல் விட்டுவிட்டேன்.

நான்கு அடித்ததும் முதல் வேலையாக மீனை எடுத்துத் தாளில் சுற்றி நகராட்சிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். சாயம் பூசியதைப் பூனைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஐந்து மணிக்கு மதிப்பீடு. மாணவர்கள் அவரவர் சட்டகத்தின் பக்கத்தில் நின்றார்கள். தேர்வாளர் உயரமான மனிதர், கையில் பென்சில். ஆறு படங்களை முடித்துவிட்டு ஏழாவதில் நின்றார். நான் என் முக்காலியருகே, காலித் தட்டுக்குப் பின்னால்.

"சன்னல் எந்தப் பக்கம் இருக்கு?" என்றார்.

"எடது பக்கம் சார்," என்றாள் செல்வி.

"செம்புல ஒளி இடது பக்கம். புட்டியில இடது பக்கம். மீன் கண்ணுல மட்டும் ஏன் வலது பக்கம்?"

"அங்கதான் சார் இருந்தது."

"இருக்க முடியாது. இதுவரைக்கும் பாத்த ஆறு படத்துலயும் இடது பக்கம்தான் இருக்கு. வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியாதவங்க புள்ளைங்களுக்கு என்ன சொல்லித் தருவாங்க?" பென்சில் மதிப்பெண் தாளுக்குப் போனது. "இது அடிப்படைத் தப்பு முசியே. தேர்ச்சி போட முடியாது."

எனக்குப் புரிய சில நொடிகள் ஆயின. மினுக்கம் இடப்பக்கம் வரும் என்று பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். இடப்பக்கம்தான் வைத்தேன். ஆனால் முன்னால் தரையில் இருபத்தேழு சாக்குறி. அதை மிதிக்காமல் மேசைக்குப் பின்னாலிருந்து குனிந்து வைத்தேன். என் இடம் அவர்களுக்கு வலம்.

செல்வி கையிலிருந்த தூரிகை துடைக்கும் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பத்தொன்பது முறை வரை எண்ணினேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அத வச்சது நான் சார்," என்றேன்.

தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். தடைக்காலம், ஐஸ், கண் வெளுத்தது, தூரிகை என்று எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொன்னேன்.

"இந்தம்மா மேல இரக்கப்பட்டுச் சொல்றீங்க," என்றார். "மீன் எங்க?"

"தொட்டில போட்டுட்டேன் சார். நாலு மணி குப்ப வண்டி வந்து அள்ளிக்கினு போயிடுச்சி."

"அப்ப எப்படி நம்பறது?"

முசியே அதுவரை சன்னலருகே கண்களைப் பாதி மூடிக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்க்காமலே, "கொம்பியேன்?" என்றார்.

"பதினொண்ணு, முசியே."

"படத்த நீ பாத்தியா?"

"இல்ல. இங்கேர்ந்து முதுகுதான் தெரியுது."

"சொல்லு."

சொன்னேன். எந்த இடத்தில், எந்த நிறம், எந்தப் பக்கம் இழுத்தது. தேர்வாளர் படத்தின் அருகே குனிந்து, நான் சொல்லச் சொல்லப் பென்சில் முனையை நகர்த்தினார். செவுளுக்குப் பின்னால் மூன்று இருந்தது. முதுகில் நான்கும் இருந்தது. மூன்றாவதில் என் தூரிகையின் மயிர் ஒன்று பிரிந்து ஒரு கீறல் விழுந்திருந்தது, அதைக்கூடப் போட்டிருக்கிறாள் என்று பிறகு முசியே சொன்னார்.

"பத்து," என்றார் தேர்வாளர். "அடிவயித்துல ஒண்ணும் இல்ல."

மனதுக்குள் மறுபடி எண்ணினேன், பதினொன்றுதான். என் எண்ணிக்கை தவறுமா?

"எலுமிச்சம்பழம் மறைக்குது சார்," என்றாள் செல்வி. "ஏழாம் நம்பர்ல உக்காந்தா அது தெரியாது. காலைல உள்ள வரும்போதே பாத்தேன், அங்க ஒண்ணு இருந்தது."

தேர்வாளர் அவள் இருக்கையில் போய் உட்கார்ந்தார். காலித் தட்டையும் எலுமிச்சம்பழத்தையும் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் தட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஆயிற்று, நான் எண்ணவில்லை. பிறகு தாளில் ஏதோ எழுதி முசியேவிடம் நீட்டினார். முசியே படித்துவிட்டுச் செல்வியிடம், "நேர்காணல் எப்போ?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

தேர்வுப் பொருளில் கைவைத்ததற்காக மறுநாள் எனக்குக் குறிப்பாணை, அதாவது மெமோ, வந்தது. முசியேவே தம் கையால் எழுதியிருந்தார், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதன் கீழேயே கலைவாணி கேட்கும் அந்தச் சுற்றறிக்கையும் இருந்தது. என் கோப்பு அடியில் போய், வெளியே வர இரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆனது. அவர் செய்தது சரிதான். இதை வைத்துக்கொண்டு மீன் வேண்டுமா வேண்டாமா என்று புதுத் தலைவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

மதிப்பீடு முடிந்த அன்று மாலை எல்லோரும் போன பிறகு, பின்கட்டுக் குழாயடியில் செல்வி தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தட்டைக் கழுவப் போனேன். இவள் எனக்காகத்தான் வாயைத் திறக்காமல் இருந்தாள், தன் வாழ்க்கையே போகிற நேரத்திலும் என் பெயரைச் சொல்லவில்லை என்று என் மனம் நிறைந்து கிடந்தது. அதைக் கேட்டே விட்டேன்.

"காலையிலேயே சாயம்னு தெரிஞ்சிடுச்சி இல்லம்மா? ஏன் சொல்லல?"

அவள் தூரிகையை உதறினாள்.

"சொல்லியிருந்தா மீன எடுத்துட்டிருப்பீங்கண்ணே. அப்பறம் நான் எத வரையறது?"

பாகூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, ஈரம் காயாத படத்தை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.